மனுவில் வரும் ‘ஐயா’

கேள்வி: நகர மன்றங்களில் ‘சேர்மன்’, ‘ஆல்டர்மேன்’ போன்ற பதவிப் பெயர்களை எடுத்துவிட்டு, ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பெயர் வைக்கிறார்களாம். பெயரை மாற்றினால் குடிநீர் வருமா? சாக்கடை அடைப்பு நீங்குமா? வேலையற்ற வேலை அல்லவா இது?

பதில்: பெயரை மாற்றினால் குடிநீர் வராதுதான். மாற்றாமல் விட்டாலும் வராது. ஆகவே குழாயை விட்டுவிட்டுப் பெயரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சிகாகோ நகர மன்றத்தில் 50 உறுப்பினர்கள். சட்டம் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ‘ஆல்டர்மேன்’. அந்த மன்றத்துக்குப் பெண்கள் முதன்முதலில் தேர்வானது 1971-இல். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டத்தில் அந்தச் சொல் ‘ஆல்டர்பர்சன்’ ஆனது 2021-இல். மக்களிடம் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்த பெண்கள், ஐம்பது ஆண்டுகள் ஆணின் பெயருக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘மேன்’ என்றால் மனிதர் என்றும் பொருள் உண்டே என்பீர்கள். ஓர் ஆண் உறுப்பினரின் அறை வாசலில் ‘ஆல்டர்வுமன்’ என்று பலகை மாட்டி, ‘இது இருபாலருக்கும் பொது’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் பொறுப்பாரா?

நம் அரசியல் சட்டம் இதில் முந்திக்கொண்டது. ஊராட்சித் தலைமைப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கிய 73-ஆவது திருத்தம், 1992-லேயே ‘சேர்பர்சன்’ என்றுதான் எழுதியது. நாம்தான் இன்னும் ‘சேர்மன் அம்மா’ என்கிறோம். தமிழில் சொன்னால் இந்தச் சிக்கலே கிடையாது. தலைவர், உறுப்பினர், ஆணையர் எல்லாமே இருபாலருக்கும் பொது. மரியாதையும் அந்த ‘அர்’ விகுதியிலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு மனுவை எடுத்துப் பாருங்கள். ‘பெறுநர்: தலைவர் அவர்கள்’ என்று சரியாகத்தான் தொடங்கும். நாலு வரி தள்ளி ‘ஐயா,’ என்று வந்து நிற்கும். நாற்காலியில் இருப்பது பெண் என்று எழுதியவருக்கே தெரியும்; பழகிய கை எழுதிவிடுகிறது. அந்த மனுவும் பல ஊர்களில் தலைவரின் கணவர் கைக்குத்தான் போகிறது. ஊரும் அவரையே ‘தலைவரே’ என்று கூப்பிடுகிறது. இதைச் சொல் மாற்றம் மட்டும் தடுத்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணவர் கூச்சமில்லாமல் நாற்காலியில் உட்காருவதில் இந்த ‘ஐயா’வுக்கும் பங்கு இருக்கிறது.

அச்சடித்த மனுப் படிவங்களில் அந்த ‘ஐயா’வை எடுத்துவிட்டு ‘வணக்கம்’ என்று போடலாம். அதற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை. அடுத்த கட்டு அச்சுக்குப் போகும்போதே செய்துவிடலாம்.