மழைநீரில் நின்ற காரின் கியர் ஆயில்

நண்பருக்கு வணக்கம். ரெயின்போ நகர் வெள்ளத்தில் நின்ற உங்கள் ஆட்டோமேட்டிக் காரின் கியர் பெட்டி டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கிறது, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் அதுவரை இன்ஜினை இயக்காதீர்கள். நல்ல ஆயில் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும். இதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் மழையைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டருக்குள் இருக்கும், கியர் ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஆயில் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

படலம் இல்லையென்றால் ஆயிலை வடித்து, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரையும் மாற்றுங்கள். வடிந்ததில் தண்ணீரும் இருப்பதால் அதே அளவு ஊற்றாமல், டிப்ஸ்டிக் குறியைப் பார்த்துப் புதிதாக ஊற்றுங்கள். ரகம் கையேட்டில் உள்ளதுதான். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்னும் கடைக்காரரை நம்பாதீர்கள். ஒரு முறையில் பாதிகூட வெளியே வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும். சிறிது நேரம் இயக்கி, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். செலவுதான்; ஆனால் தண்ணீரை விட்டுவைத்தால் கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப்பசையே பெயர்ந்துவிடும். தெளிந்த பிறகும் கியர் வழுக்கினால், பெட்டியைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.