பழைய ராக் ஆல்பங்கள் சிடியிலும் கேசட்டிலும் உண்மையிலேயே நன்றாக ஒலித்தனவா, அல்லது அது வெறும் நினைவு மயக்கமா?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் விவரத்தையும் படித்தேன். சிங்கப்பூரில் புதிய பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) குடிபோகிறீர்கள். அப்பாவின் அறையில் மூன்று பெட்டி நிறைய ராக் சிடிகள் இருக்கின்றன. எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது இவற்றை எதற்குச் சுமக்க வேண்டும் என்று யோசிக்கிறீர்கள். அப்பாவோ "அந்தச் சவுண்டு இப்ப வராது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், பாட்டு கேட்பது பெரும்பாலும் எம்ஆர்டி ரயிலில் காதுக்கருவி வழியாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியாக இருக்க வாய்ப்பில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் இப்போது செய்ய நினைப்பதை நான் 2004-ல் செய்து முடித்து, இன்றுவரை அதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதுதான். நான் ஒலிப்பொறியாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு ரசிகன், அவ்வளவே. துறை அறிந்தவர்கள் பிழை கண்டால் கருத்துப் பகுதியில் திருத்தலாம், ஆனால் "காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். சோதித்துவிட்டேன், அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் கேசட்டைப் பற்றிய மயக்கத்தை ஒதுக்கிவிடலாம். 1980களின் நடுவில் உயர்நிலைப் பள்ளியில் படித்த எங்களுக்கு ராக் இசை கள்ளக் கேசட்டாகத்தான் வந்து சேர்ந்தது. 1987-ல் பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, இரண்டு மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் போதும், உலகின் எந்தக் குழுவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். உறையில் பாடல் பெயர்கள் எழுத்துப்பிழையோடு இருக்கும். ஆல்பம் முடிந்தபின் நாடாவில் இடம் மிச்சமிருந்தால் கள்ளப் பதிவுக்காரர் தம் விருப்பத்துக்கு ஏதாவது பாட்டைப் போட்டு நிரப்பியிருப்பார். ஐயர்ன் மெய்டன் குழுவின் 'பவர்ஸ்லேவ்' ஏறத்தாழ 51 நிமிட ஆல்பம். என்னிடம் இருந்ததோ 60 நிமிட நாடா. 13 நிமிடத்துக்கு மேல் நீளும் கடைசிப் பாடல் முடிந்து ஒரு நொடிகூட ஆவதற்குள் ஏதோ ஒரு டிஸ்கோ பாட்டு குதித்துக்கொண்டு வரும். இன்றும் அந்த ஆல்பம் முடியும்போது என் மனம் அந்த டிஸ்கோ பாட்டை எதிர்பார்க்கிறது. நினைவு மயக்கம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், அது எனக்கும் உண்டு.

ஒலி எப்படி இருந்தது என்று கேட்டால், மோசம்தான். அசல் கேசட்டே வாங்கினாலும் அதில் எங்கள் அறியாமை சேர்ந்துகொண்டது. டால்பி-பி முறையில் பதிவாகும் நாடாவில், மெல்லிய ஒலிகளின் உச்சத்தொனிகளைப் பதிவின்போது வேண்டுமென்றே உயர்த்தி, கேட்கும்போது அதே அளவுக்குத் தாழ்த்துவார்கள்; தாழ்த்தும்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து அடங்கும். நாங்கள் என்ன செய்தோம் என்றால், டால்பி பித்தானை அழுத்தினால் பாட்டு மங்கிப்போகிறது என்று அதை அணைத்துவிட்டே கேட்டோம். "கேசட்டில் இருந்த பளபளப்பு சிடியில் இல்லை" என்று என் வயதுக்காரர் யாராவது சொன்னால், அவர் வீட்டிலும் அந்தப் பித்தான் அணைந்தே இருந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சிடி வேறு கதை. தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணிக் காலத்துப் படித்தொகையில் மாதம் ஒன்று என்று தொடங்கினேன். பிறகு வேலை, சம்பளம், ஹீரன் கட்டடத்தில் எச்எம்வி கடை பல தளங்களில் விரிந்து கிடந்த ஆண்டுகள் என்று சேர்ந்து, 2004-ல் என்னிடம் 212 சிடிகள் இருந்தன. அந்த ஆண்டு அங் மோ கியோவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு வீடு மாறினோம். மகள் கைக்குழந்தை. அலமாரியில் பாதியைக் காலி செய்யும்படி மனைவி கேட்டார். நானோ ஒரு படி மேலே போய், சட்டைப்பையில் அடங்கும் எம்பி3 கருவி வந்துவிட்ட காலத்தில் தட்டுகளே எதற்கு என்று முடிவெடுத்தேன். மூன்று வாரம் இரவு இரவாக உட்கார்ந்து அத்தனை சிடிகளையும் கணினியில் ஏற்றினேன். இடம் மிச்சமாகட்டும் என்று 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவைத் தேர்ந்தெடுத்தேன். சிடியில் ஒவ்வொரு நொடிக்கும் 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மிச்சம் பத்துப் பங்கும் கீழே காராங் கூனிக்காரரின் (பழைய பொருள் வாங்குபவரின்) தள்ளுவண்டியில் ஏறியது. ஒன்றுக்கு 20 காசு என்று பேசி, 42 வெள்ளி 40 காசுக்குப் பதிலாக 42 வெள்ளி கொடுத்தார். பழைய செய்தித்தாள் என்றால் இன்னும் நல்ல விலை கொடுத்திருப்பேன் என்று ஆறுதலும் சொன்னார். மேலே வந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "எல்லாத்தையுமா குடுத்துட்டீங்க?"

இரண்டு ஆண்டுகள் கழித்து அடெல்ஃபி கட்டடத்தில் ஒரு கடையில் ஓரளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாட்டியபோதுதான் நான் செய்தது என்னவென்று காதில் விழுந்தது. டிரம்ஸின் சிம்பல் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் தகரத்தைத் தேய்த்ததுபோல் கேட்டது. சரி, பிடித்தவற்றை மட்டும் மீண்டும் வாங்கலாம் என்று கடைகளில் ஏறி இறங்கினேன். 'பவர்ஸ்லேவ்' கிடைத்தது, ஆனால் அது 1998-ல் வெளிவந்த ரீமாஸ்டர் பதிப்பு. அச்சுக்குப் போகும் முன் ஒலியின் அளவையும் தொனியையும் இறுதியாகச் சரிசெய்வது மாஸ்டரிங்; அதைப் புதிதாக மீண்டும் செய்வது ரீமாஸ்டர். முதல் நாள் அசந்துபோனேன். பழையதைவிடச் சத்தம் கூடுதல், எல்லாமே முன்னால் வந்து நின்றது. மூன்றாம் நாள் பாதியிலேயே நிறுத்தினேன். எனக்கு வயதாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வயது காரணம் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது 2008 செப்டம்பரில் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம். வெளிவந்த வாரமே வாங்கிப் போட்டேன். டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு அதை டாக்சியில் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நாள் வைத்திருந்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்து, பார்த்ததற்குக் கட்டணம் 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். (கோளாறு இல்லாத பொருளைப் பார்த்ததற்கு 60 வெள்ளியா என்பதை இன்னொரு கேள்வியில் பேசிக்கொள்ளலாம்.) அதற்கடுத்த வாரம் தெம்பனிஸில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் மகன் கித்தார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அதே ஆல்பத்தின் பாடல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். சாதாரணத் தொலைக்காட்சிதான். அதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, எங்கும் உடையாமல் விழுந்தது. "இது வேற பதிவாடா?" என்று கேட்டேன். "அதே பாட்டுதான் மாமா, உங்க சிடியிலதான் ஏதோ பண்ணி வச்சிருக்காங்க" என்றான்.

அவன் சொன்னது உண்மை. விளையாட்டுக்குப் போன பதிவு சிடியில் வந்ததைப்போல நசுக்கப்படாதது என்பதை உலகெங்கும் ரசிகர்கள் அப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். ஆல்பத்தை மீண்டும் ஒலிக்கலவை செய்து வெளியிடும்படி 10,000-க்கும் மேற்பட்டோர் இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

இதில் நடப்பது என்னவென்று நம் ஊர்க் கல்யாணத்தை வைத்தே சொல்லலாம். கெட்டிமேளம் நம்மை நிமிர்ந்து உட்கார வைப்பதற்குக் காரணம், அதற்கு முன் மேளம் அடங்கி வாசித்ததுதான். மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை முழுவதையும் கெட்டிமேளமாகவே வாசித்தால் தாலி கட்டியது யாருக்கும் தெரியாது. சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி ஓர் அணுவும் ஏற்ற முடியாது. 1980களில் சிடிக்கு மாஸ்டரிங் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே இடம் விட்டு வைத்தார்கள். டிரம்ஸின் அடி அந்த இடத்துக்குள் எழுந்து அடங்கியது. 1990களில், வானொலியிலும் காரிலும் அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி முற்றியது. உச்சங்களைச் சீவிவிட்டு மொத்தத்தையும் வரம்புவரை தூக்கினார்கள். பழைய ஆல்பங்களை ரீமாஸ்டர் என்று மீண்டும் வெளியிட்டபோது அவற்றில் பலவற்றுக்கும் இதே கதி நேர்ந்தது. ஆகவே உங்கள் அப்பா இழந்ததாகச் சொல்லும் 'சவுண்டு' தட்டிலோ நாடாவிலோ இல்லை. அந்த ஆண்டில் அந்தத் தட்டுக்காகச் செய்யப்பட்ட மாஸ்டரிங்கில் இருக்கிறது.

இனி நான் சொன்ன சோதனை. இழந்தவற்றில் சிலவற்றின் பழைய பதிப்புகளைச் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017-ல் மூடப்படுவதற்கு முன் தேடித் தேடி மீட்டிருந்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, என் கண்ணைக் கட்டிவிட்டு மகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். சத்தம் கூடுதலாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காதை ஏமாற்றும் என்பதால், கைப்பேசிச் செயலியால் அளந்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரே மாஸ்டரிங்கின் சிடியையும் தரம் குறையாத எஃப்எல்ஏசி கோப்பையும் வைத்துக் கேட்டபோது பத்தில் ஐந்தைச் சரியாகச் சொன்னேன். அதாவது நாணயத்தைச் சுண்டினாலும் அதே விடைதான். "அப்பா, நீங்க சும்மா அடிச்சு விடுறீங்க" என்றாள் மகள். பழைய 'பவர்ஸ்லேவ்' சிடியையும் ரீமாஸ்டரையும் வைத்துக் கேட்டபோது பத்துக்குப் பத்து. நான்காவது முறைக்குப் பிறகு அவளே கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அந்த இசையே பிடிக்காது.

ஸ்ட்ரீமிங் என்பதால் ஒலி கெட்டுவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஒரு பழைய ஆல்பத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது கடைசியாக வந்த ரீமாஸ்டர்தான். பல சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுவதால் இன்று உரக்கப் பதிவு செய்பவருக்கு லாபமும் இல்லை. என்றாலும் முன்பே சீவப்பட்ட உச்சம் திரும்பி வராது. எந்தப் பதிப்பைக் கேட்பது என்ற தேர்வு, தட்டைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. இசட்இசட் டாப் குழுவின் 1970களின் ஆல்பங்களை 1987-ல் சிடிக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் காலப் பாணியில் மின்னணு டிரம்ஸும் எதிரொலியும் சேர்த்துக் கலவையையே மாற்றிவிட்டார்கள். அவற்றைவிடப் பின்னால் வந்த பதிப்புகளே மேல். ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002-ல் வந்தபோது காதைப் பதம் பார்த்தது, 2013-ல் வந்த மறுகலவையில் மூச்சுவிட்டது. வினைல் இசைத்தட்டுப் பிரியர்களுக்கும் ஒன்று: டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985-ல் டிஜிட்டலாகவே பதிவானது. இசைத்தட்டில் இடம் போதாமல் சில பாடல்களைக் குறுக்கித்தான் ஏற்றினார்கள். முழு நீளம் சிடியிலும் கேசட்டிலும்தான் இருந்தது. அதன் இசைத்தட்டை 'அசல்' என்று நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

ஒலித்தரம் என்பது பணக்காரப் பித்து என்று என் சொந்தக்காரர்களே சொல்வார்கள். "நமக்கெதுக்கு இந்த வெள்ளைக்காரக் கூச்சல்" என்று ஒரு சித்தப்பா இன்றும் கேட்கிறார். அதே சித்தப்பா, நம் சிங்கப்பூரில் படம் பிடிக்கப்பட்டு 1978-ல் வந்த 'பிரியா'வின் பாடல்கள் ஸ்டீரியோவில் இடமும் வலமும் பிரிந்து கேட்டதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அதுவும் ஒலித்தரம்தானே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் வீட்டு விசேஷங்களில், சமூக மன்ற மண்டபத்தில், ஸ்பீக்கர் கதறும் அளவுக்குச் சத்தம் வைப்பதும் அவரேதான்.

உங்கள் பெட்டிகளுக்கு வருவோம். உறையின் பின்புறத்தில் ஆண்டையும் 'ரீமாஸ்டர்' என்ற சொல்லையும் பாருங்கள். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அச்சானவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தட்டையும் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் அலுமினியப் பூச்சில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று தெரியும். இருந்தால் அதை முதலில் கணினியில் ஏற்றிவிடுங்கள். எஃப்எல்ஏசியில் ஏற்றினால் 300 சிடிகள் ஏறத்தாழ 100 ஜிபிக்குள் அடங்கிவிடும், தயவுசெய்து 128-ல் ஏற்ற வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை படிந்திருக்கும்; மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும். உறைக்குள் இருக்கும் சிறு புத்தகத்தின் கம்பி ஊசி துருப்பிடித்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். துரு பக்கங்களுக்குப் பரவி, பாடல் வரிகள் இருக்கும் நடுத்தாள்தான் முதலில் கிழியும்.