மூடாத வால்வும் வெடித்த எல்போவும்: கையிலுள்ளதைக் கொண்டு குழாய் திருத்துதல்

கேள்வி: நாங்கள் கல்லடியில் வசிக்கிறோம். கூரைத் தாங்கியிலிருந்து சமையலறைக்கு இறங்கும் அரை அங்குல பிவிசி குழாயின் எல்போ (மூலையில் திருப்பும் வளைவு இணைப்பு) வெடித்துத் தண்ணீர் ஒழுகுகிறது. தாங்கியடியிலுள்ள கேற் வால்வை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்பதில்லை. குழாய்க்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையுமளவே இடமிருப்பதால் வாளை வைத்து அறுக்கவும் முடியவில்லை. குழாய் வேலை செய்பவர் வர ஒரு கிழமையாகும் என்கிறார். கை கழுவும் பேசினின் அடியில், பைப்பைப் (தண்ணீர் திறக்கும் குழாயைப்) பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் நட்டும் தளர்ந்துவிட்டது. அதை இறுக்கும் சாவி எங்களிடம் இல்லை. நாங்களே இவற்றைச் செய்ய வழியுண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஓர் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கும், ஈரத்தைத் தடுப்பதற்கும், கை எட்டாத இடத்தைத் தொடுவதற்கும் வீட்டுப் பொருட்கள் தாராளமாகப் போதும். ஒட்டு என்று வரும்போது மட்டும் ஹாட்வெயார் கடையில் விற்கும் புதிய எல்போவும் பிவிசி கம்மும் (பிவிசி ஒட்டும் பசை) தான் வேண்டும். வெடிப்பின் மேல் மெழுகு, சீமெந்து, சூடாக்கி உருக்கிய பிளாஸ்ரிக் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவை சில நாட்களில் விடுவதோடு, பின்னர் முறையாக ஒட்டுவதற்கும் இடையூறாகின்றன.

இன்றிரவுக்கு ஒழுக்கை அடக்கப் பழைய சைக்கிள் ரியூப் ஒன்று போதும். அதை ஓர் அங்குல அகலமான நீண்ட பட்டியாக வெட்டி, எல்போவுக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே சுற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடும்படி, பட்டியை அதன் நீளம் ஏறத்தாழ இரட்டிக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். வளைவில் எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுபோய், மறுபுறமும் இரண்டு அங்குலம் தாண்டி முடித்துக் கட்டுங்கள். தாங்கியின் நீர்மட்டம் எல்போவுக்கு 4 மீற்றர் மேலே இருந்தால் அங்குள்ள அழுத்தம் ஏறத்தாழ 0.4 பார்தான் என்பதால் ரப்பர் தாக்குப்பிடிக்கும். நீர் வழங்கல் சபையிலிருந்து நேரே வரும் அழுத்தம் கூடிய குழாயில் இதை நம்ப வேண்டாம். அங்கே நீர்மானிக்கு முந்திய பகுதி எதுவானாலும் நீர் வழங்கல் சபைக்கு அறிவிப்பதே சரி.

கேற் வால்வு மூடாமலிருப்பதற்குப் பெரும்பாலும் அதன் இருக்கையில் (உள்ளேயுள்ள கதவு வந்து அமரும் இடத்தில்) படிந்த மணலும் உப்புப் படிவுமே காரணம். கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றும் கரையோர வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. வலுவாக இறுக்கினால் தண்டு முறியும். கீழேயுள்ள குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, வால்வைப் பலமுறை முழுதாகத் திறந்தும் முக்கால்வாசி மூடியும் விட்டால், விரைந்து ஓடும் தண்ணீரே படிவில் ஒரு பகுதியை அடித்துச் செல்லும். அப்படியும் நூல்போல் ஒழுகினால் தாங்கியை வெறுமையாக்குவது தவிர வழியில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

வாள் நுழையாத இடத்தில் குழாயை அறுக்கக் கயிறு இருக்கிறது. மீனவர்களிடம் கிடைக்கும் முறுக்கிய நைலோன் நூலைக் குழாயின் பின்புறமாகச் செலுத்தி, இரு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றிக்கொண்டு, நீண்ட இழுப்புகளாக மாறி மாறி இழுங்கள். உராய்வுச் சூடே பிவிசியை அறுத்துக்கொண்டு போகும். குட்டையாக இழுத்தால் நூலின் ஒரே இடம் சூடேறி அறுந்துவிடும்; ஒற்றை இழையான தங்கூசி இதற்கு உதவாது. வெட்டு நேராக அமைய, நேர்விளிம்புள்ள கடதாசிப் பட்டியொன்றைக் குழாயைச் சுற்றி வளைத்து, விளிம்பு விளிம்போடு பொருந்தியதும் அதை ஒட்டிப் பென்சிலால் கோடிடுங்கள். சுவரிலிருந்து வெளிவரும் துண்டில் குறைந்தது ஓர் அங்குலம் வெறுங்குழாய் மிஞ்ச வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் முதலில் சுவர்ப் பூச்சைக் கொத்திக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அறுத்தவர்கள் பின்னர் சுவரையே உடைக்க நேரிடுகிறது. அறுத்தபின் விளிம்பிலுள்ள பிசிறைக் கத்தியால் சுரண்டி, வெளிப்பக்கத்தைச் சற்றுச் சரிவாக்கினால், பொருத்தும்போது கம் வழித்துத் தள்ளப்படாது.

மேலிருந்து வரும் சொட்டுத்தான் வேலையைக் கெடுப்பது, ஏனெனில் பிவிசி கம் ஈரத்தில் பிடிக்காது. பாணின் கரையை நீக்கி, வெள்ளைப் பகுதியைக் கட்டை விரல் நுனியளவு எடுத்து உருட்டி, மேற்குழாய்க்குள் இரண்டு அங்குலம் தள்ளிவிடுங்கள். அது சொட்டைச் சிறிது நேரம் உறிஞ்சி வைத்திருக்கும். பின்னர் தண்ணீரோடு கரைந்து வந்துவிடும். தாங்கிக் குழாயில் அழுத்தம் குறைவென்பதால் அதிகம் அடைக்காதீர்கள். சமையலறைக் குழாயின் வாயில் வலை இருந்தால் முன்கூட்டியே கழற்றி, அந்தக் குழாயைத் திறந்தே வையுங்கள். பாண் முந்திக் கரைந்தாலும் தண்ணீர் புது ஒட்டில் தேங்காமல் வெளியேறிவிடும்.

ஒட்டுவதற்கு முன் சுவரோடு குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தளர்த்தி, மேற்குழாயைச் சற்றுத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்க முடிந்தால்தான் கடைசி ஒட்டைப் பொருத்தலாம். கம் இல்லாமல் ஒருமுறை பொருத்தி, எல்போ நிற்க வேண்டிய திசையைக் குறுக்கே ஒரு கோடிட்டு அடையாளப்படுத்துங்கள். பிறகு இரு பக்கமும் துடைத்து, சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, குழாயின் வெளிப்புறத்திலும் எல்போவின் உட்புறத்திலும் மெல்லிய பூச்சுக் கொடுத்து, கால் சுற்றுத் திருகியபடி முட்டும்வரை தள்ளி, அரை நிமிடமாவது அசையாமல் பிடியுங்கள். கம்மின் ஆவி தீப்பற்றக்கூடியது. சமையலறையில் அடுப்பை அணைத்து யன்னலைத் திறந்து வைத்த பின்பே டப்பாவைத் திறக்க வேண்டும். இரவு முழுவதும் விட்டுக் காலையில் தண்ணீர் திறப்பது நல்லது; மோட்டார்க் குழாயானால் 24 மணித்தியாலம் பொறுங்கள்.

எல்போ ஏன் வெடித்தது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கிளிப் இல்லாமல் தொங்கும் குழாயின் பாரமும், வெயிலில் பிவிசி நொறுங்கும் தன்மையடைவதுமே காரணம். எல்போவிலிருந்து ஓரடிக்குள் இருபுறமும் கிளிப் அடித்து, வெயில்படும் நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ற் பூசினால் புதியது நீடிக்கும். கிளிப்புகள் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். தாங்கி வெறுமையாகும் அடுத்த சந்தர்ப்பத்தில் கேற் வால்வுக்குப் பதிலாகப் ‘போல் வால்வு’ (பந்து வால்வு) ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

பேசின் நட்டுக்குச் சாவி நீங்களே செய்யலாம். நட்டு உள்ளே நுழையுமளவு அகலமான பிவிசி குழாயில் ஓரடித் துண்டு எடுத்து, பைப்பைத் தாங்கிக்குப் போகும் இணைப்பிலிருந்து கழற்றியதும் அதைக் கீழிருந்து நட்டின்மேல் ஏற்றி, நட்டின் காதுகள் எங்கெங்கே படுகின்றன என்று விளிம்பில் குறித்து, அந்த இடங்களில் அரை அங்குல ஆழத்துக்கு வாளால் வெட்டுங்கள். மறுமுனையில் எதிரெதிராக இரண்டு துளையிட்டு ஸ்குரூ ட்ரைவரைக் குறுக்கே செருகினால் அதுவே கைப்பிடி. மேலே ஒருவர் பைப்பைத் திருகாமல் பிடித்துக்கொள்ள, கையிறுக்கத்துக்குப் பின் கால் சுற்று மட்டும் திருகுங்கள். அதற்கு மேல் போனால் பிளாஸ்ரிக் புரி அறுந்துவிடும். நட்டு பித்தளையாக இருந்து பச்சை பிடித்திருந்தால் இந்தச் சாவி வளைந்துபோகும்; அதைக் குழாய் வேலை செய்பவர் வரும்வரை விட்டுவையுங்கள்.