வெண்ணாறா, வெட்டாறா? (வாசகர் கடிதம்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தினம் ஒரு தலைப்பில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவது என் காலைப் பழக்கம். சென்ற வாரம் ‘டெல்டா’ என்ற தலைப்பில் வந்த புதிரில், இடமிருந்து வலம்: ‘தென்பெரம்பூரில் பிரியும் ஆறு (4)’, அதாவது நான்கு கட்டம். எங்கள் ஊர் வழியாக ஓடும் ஆறாயிற்றே என்று வெண்ணாறு எழுதினேன். அதன் இரண்டாம் கட்டத்தை வெட்டிக்கொண்டு இறங்கும் மேலிருந்து கீழ்: ‘ஆடியில் தேட வேண்டியது, வாலும் உண்டு (4)’. ஆடித் தள்ளுபடி ஞாபகத்தில் பண்டம் என்று போட்டேன். று-வில் குறுவை பொருந்தியது, ம்-இல் சம்பா பொருந்தியது. மறுநாள் விடையைப் பார்த்தால் வெட்டாறு, பட்டம்! இரண்டு விடை வரும்படி குறிப்பு கொடுத்தது அமைத்தவர் பிழை இல்லையா? தலைப்பைச் சேர்ந்த சொற்களை முதலில் போடுவதா, கடைசியிலா? அகராதி, வரைபடம் பார்ப்பது தவறா?

– ஒரு வாசகர், நீடாமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அமைத்தவர் மேல் பிழை இல்லை. குறிப்பில் ‘பிரியும்’ என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். வெண்ணாறு காவிரியிலிருந்து பிரிவது கல்லணையில். தென்பெரம்பூருக்கு அது ஏற்கெனவே வெண்ணாறாகத்தான் வந்து சேர்கிறது. அங்கே அதிலிருந்து பிரிபவை வெட்டாறும் வடவாறும். நீங்கள் தடுமாறியிருக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில். வடவாறு போட்டிருந்தால் மேலிருந்து கீழ் சொல்லின் இரண்டாம் எழுத்து ‘ட’ ஆகும். சம்பாவிலிருந்து ம் கிடைத்ததும் படலம் என்று எழுதக்கூடத் தோன்றும். ஆனால் படலத்துக்கு ஆடியும் இல்லை, வாலும் இல்லை.

பண்டத்திலும் இதே கோளாறுதான். தள்ளுபடியை வைத்து ஆடிக்குக் கணக்குச் சொன்னீர்கள், வாலுக்குச் சொல்லவில்லை. நல்ல குறிப்பில் சும்மா வந்த சொல் ஒன்றும் இருக்காது. ஒரு சொல் மிஞ்சி நின்றால் விடை தப்பு, கட்டத்தில் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதில் வருவது பருவம், வாலோடு பறப்பது காற்றாடி. இரண்டையும் தாங்குவது பட்டம் ஒன்றுதான்.

குறுவையும் சம்பாவும் பொருந்தியதால் தைரியம் வந்திருக்கிறது. அந்தச் சாட்சிகள் செல்லாது. வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு மூன்றுமே று-வில் முடிகின்றன. பண்டம், பட்டம், படலம் மூன்றுமே ம்-இல் முடிகின்றன. எல்லா விடைக்கும் பொதுவான எழுத்து எதையும் உறுதி செய்யாது. வெண்ணாறும் வெட்டாறும் வேறுபடுவது 2, 3ஆம் கட்டங்களில் மட்டும். ஒன்றுவிட்டு ஒரு கட்டம் வெட்டிக்கொள்ளும் அமைப்பில் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இன்னொரு சொல்லுக்குள் போகும். அந்தக் கட்டத்தைத்தான் குடைய வேண்டும்.

குடைவதற்குத் தமிழ் எழுத்திலக்கணமே கருவி. ஆங்கிலக் கட்டத்தில் வெட்டும் எழுத்து ஒன்று கிடைத்தால் 26-இல் ஒன்று தெரியும். தமிழில் 247-இல் ஒன்று. அமைப்பவருக்கு இது பெரும்பாடு. தமிழ்ப் புதிர்களில் கறுப்புக் கட்டம் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். போடுபவருக்கோ கொடை. புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வரா (டாக்டர், டம்ளர் போன்ற இரவல் சொற்கள் விலக்கு). வல்லினப் புள்ளியில் தமிழ்ச் சொல் முடியாது. உங்கள் புதிரில் மேலிருந்து கீழ் சொல் அந்த இரண்டாம் கட்டத்தோடு முடிந்திருந்தால், மண், தூண் போல ண் நிற்கலாம், ட் நிற்க முடியாது. குறிப்பைப் படிக்காமலே வெட்டாறை அடித்துவிடலாம். உங்கள் கட்டத்தில் அது நடுவில் விழுந்ததால் ண்ட, ட்ட இரண்டுக்கும் இடம் இருந்தது. மண்டை–மட்டை, வண்டி–வட்டி, கண்டம்–கட்டம் என்று இந்த இரட்டைகள் ஏராளம். இங்கே எப்போதும் பென்சில்தான்.

நடுவிலும் சில உறுதிகள் உண்டு. ங் கிடைத்தால் அடுத்தது அநேகமாக க வரிசை. க், ச், த், ப் வந்தால் அடுத்தது தன் வரிசையே. ர், ழ் இரட்டிக்காது. ஆனால் கோயில் தலைப்பு வரும் நாளில் பக்தி, முக்தி, சப்தம் என்று வடசொற்கள் நுழைந்து க், ப் பற்றிய விதியைக் கெடுக்கும். அன்றைக்கு அதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கீழிருந்து மேல், வலமிருந்து இடம் ஓடும் சொற்கள் உள்ள புதிர்களில், எண் உள்ள கட்டமே முதலெழுத்து என்பதை மறக்கக் கூடாது. மறந்தால் இந்த விதிகளெல்லாம் தலைகீழாகிவிடும்.

தலைப்புச் சொற்கள் முதலிலா என்று கேட்டீர்கள். எழுதுவது கடைசியில், பட்டியல் போடுவது முதலில். தலைப்பைப் பார்த்ததும் ஓரத்தில் கட்ட எண்ணிக்கைப்படி குறித்துக்கொள்ளுங்கள். ஆறுகளின் பெயர் என்றால், 3 கட்டம்: காவிரி. 4: வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு, கோரையாறு. 5: அரசலாறு, பாமணியாறு, கொள்ளிடம், வீரசோழன். 6: குடமுருட்டி, முடிகொண்டான், ஓடம்போக்கி. பிறகு பட்டியலை மறந்துவிட்டு, தலைப்போடு ஒட்டாத குறிப்புகளை நிரப்புங்கள். அவற்றிலிருந்து கிடைக்கும் எழுத்துகளே பட்டியலில் தேர்வு செய்யும். பழகிய தலைப்பு வந்தால் இந்த ஒழுங்கு இன்னும் தேவை. உங்கள் ஊர் அருகே ஆறு மூன்றாகப் பிரியும் ‘மூணாறு தலைப்பு’ என்ற இடத்தில் தினம் வெண்ணாற்றைப் பார்ப்பவருக்கு நான்கு கட்டம் கண்டதும் கை தானாக ஓடும். ‘நெற்பருவம் (3)’ என்றால் குறுவை, சம்பா, தாளடி மூன்றுமே மூன்று கட்டம். காவிரியைக் காவேரி என்றும் எழுதலாம், கட்டம் அதே மூன்று. நடு எழுத்து வெட்டுப்படும் வரை அதைத் திறந்தே வையுங்கள்.

சொல் விளையாட்டுக் குறிப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. ‘காகிதத்தின் கீழ்ப்பகுதியில் நெல் (3)’ என்று வந்தால் தாள், அடி என்று பிரித்து நான்கு எழுத்து எண்ணி, பொருந்தவில்லை என்று விட்டுவிடுவார்கள். சேரும்போது ள்-உம் அ-வும் ஒன்றாகி ஒரு கட்டம் குறையும், தாளடி. உயிரில் தொடங்கும் துண்டு பின்னால் வந்தால் சேர்த்து எழுதிய பிறகே எண்ணுங்கள். ‘இடங்கைக்கு எதிரே துள்ளும் விலங்கு, திருவாரூர் மாவட்டத்து ஊர் (6)’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. வலங்கையும் மானும் அப்படியே ஒட்டும். ‘ரசம் பாதிக்குள் ஒளிந்த நெல் (3)’ போன்றவற்றில் சாப்பாட்டை நினைக்கவே கூடாது. சொல் இடைவெளியை எடுத்துவிட்டுப் படித்தால் ரசம்பாதிக்குள் சம்பா தெரியும். இப்படி ஒன்று கண்ணில் படும்போது வரும் சந்தோஷத்துக்காகவே புதிர் போடலாம்.

அகராதியும் வரைபடமும் தவறே இல்லை. ஒரு விடையைப் பென்சிலில் எழுதிய பிறகு சரிபார்க்கத் திறவுங்கள். எழுதுவதற்கு முன்னால் திறந்தால் அன்றைய சுகம் போய்விடும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (6 தொகுதிகள், 1924–1936) இணையத்திலும் தேடக் கிடைக்கிறது. தேடும் சொல்லுக்கு முதல் பொருளோடு மூடிவிடாமல் கடைசிப் பொருள் வரை படியுங்கள். பட்டம் போலப் பல பொருள் உள்ள சொற்களைத்தான் அமைப்பவர்கள் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்