செல் பீஸ் உள்ள காலுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். 2009இல் இடது தொடையில் செல் (எறிகணை) பட்டு எலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். முழங்காலைச் சுற்றி நாலைந்து பீஸ் இன்னும் கிடக்கின்றன. இரண்டு வருடமாக அந்த முழங்காலில் நோ. குந்தியிருந்து கச்சான் பிடுங்க ஏலாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி, இரண்டு முறை முழங்காலுக்குள் ஊசி போட்டார்கள். இப்போது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். அந்த மிசின் பீஸை வெளியே இழுத்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா? கடைசி ஊசி போட்டு ஒன்பது நாள். நாலாம் நாளிலிருந்து முழங்கால் வீங்கி, இப்போது தொட்டால் சுடுகிறது. இரவில் குளிர்கிறது. ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்டது எம்ஆர்ஐ பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த நாலு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இதை வாசித்த உடனேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மாஞ்சோலையோ கிளிநொச்சியோ, எது கிட்டவோ அங்கே. கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். காலை ஊன்ற முடியாவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

மூட்டுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ சிலருக்கு நோ கூடுவது உண்டு. அது இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். உங்களுக்கு நாலாம் நாள் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது, குளிரும் சேர்ந்திருக்கிறது. மூட்டுக்குள் கிருமி போயிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். ஊசியால் இப்படி ஆவது மிக அரிது. ஆனால் ஆகிவிட்டால், சில நாட்களுக்குள்ளேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். போன குருத்தெலும்பு திரும்ப வளராது. நீரிழிவு இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூட. இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எந்தப் படத்தையும் நம்பியிருக்க முடியாது. முதல் ஒரு வாரம், பத்து நாளுக்கு எக்ஸ்ரே அநேகமாகச் சாதாரணமாகவே இருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் நீர் தேங்கியிருப்பது தெரியும். அது சீழா வெறும் நீரா என்று உறுதியாகத் தெரியாது. ஊசியால் அந்த நீரை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால்தான் விடை. இன்னொன்று: போகும் வழியில் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எடுக்கும் நீரில் கிருமி முளைக்காமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் தடவ வேண்டி வரும்.

சரி, இனி எம்ஆர்ஐ. உங்கள் வீட்டாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வழக்கமான 1.5 டெஸ்லா மிசினின் காந்தம், பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு பலமானது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். செல் பீஸ் பெரும்பாலும் இரும்பு, அதை இழுக்கும். ஆனால் இத்தனை வருடம் கிடந்த பீஸைச் சுற்றி உடம்பு கெட்டியான தழும்பைக் கட்டி வைத்திருக்கும். தசைக்குள் அப்படி இறுகிய சின்னப் பீஸ் பெரும்பாலும் அசையாது. தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவும் மாட்டாது. நான் பயப்படுவது கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே கிடக்கும் பீஸுக்குத்தான். உங்கள் விஷயத்தில் முழங்காலின் பின்பள்ளத்தைப் பார்க்க வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி அதற்குள்ளால்தான் போகிறது. முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சீ.ரி. (CT) ஸ்கான், இவற்றைப் பார்த்துக் கதிரியக்க நிபுணர் முடிவு சொல்வார். தொடைத் தகடு பெரிய பிரச்சினை இல்லை. எலும்புக்கு வைக்கும் தகடுகள் பொதுவாகக் காந்தம் இழுக்காத உலோகம்.

ஆபத்தில்லை என்று முடிவானாலும் ஒன்று கேளுங்கள்: படம் தெளிவாக விழுமா? பீஸ் கிடக்கும் இடத்தைச் சுற்றி எம்ஆர்ஐ படத்தில் கறுப்பாக ஓட்டை விழுந்ததுபோல் மறைந்துவிடும். பார்க்க வேண்டிய சவ்வு அந்தக் கறுப்புக்குள் இருந்தால், அலைந்து போய் எடுத்த படத்தால் பலன் இல்லை.

இதை எழுதும்போது ஒரு ஐயா நினைவுக்கு வருகிறார். உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிட்டு ஸ்கான் அறை வாசல்வரை போனவர். சேட்டைக் கழற்றும்போது தோளில் கடுகளவு நீலப் புள்ளிகள் மூன்று தெரிந்தன. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, “அது பழைய காயம் தம்பி, சொன்னால் வேற கதை கேப்பினமோ எண்டு விட்டிட்டன்” என்றார். வன்னியில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், ஸ்கான் அறையில் மறைக்காதீர்கள். எப்படிப் பட்டது, யார் சுட்டது என்று சொல்லத் தேவையில்லை. எங்கே கிடக்கிறது என்று மட்டும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். அது உங்கள் உயிருக்கான தகவல்.

‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்றதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்து எடுத்தார்களா? படுத்திருக்கும்போது மூட்டில் பாரம் இல்லை. தேய்ந்த மூட்டிலும் இடைவெளி இருப்பதுபோல் காட்டும். நின்றபடி எடுத்தால்தான் எலும்போடு எலும்பு நெருங்குவது தெரியும். உங்களுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நின்றபடி ஒரு நீளப் படமும் வேண்டும். தொடை எலும்பு கொஞ்சம் கோணிப் பொருந்தியிருந்தால் பாரம் முழுதும் முழங்காலின் ஒரு பக்கத்திலேயே இறங்கும். இரண்டு வருட நோவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம் என்பது என் ஊகம். பீஸ் ஏதும் மூட்டுக்குள்ளேயே கிடக்கிறதா என்றும் கேளுங்கள். அது ஈயச் சன்னமாக இருந்தால் மூட்டு நீரில் மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரும். அதற்குத் தனியாக இரத்தப் பரிசோதனை உண்டு.

இதெல்லாம் வீக்கம் இறங்கிய பிறகு. மூட்டில் கிருமி இல்லை என்று உறுதியாகும்வரை மூன்றாவது ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

பழைய எக்ஸ்ரே படம், தகடு வைத்தபோது தந்த டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தேட நேரம் எடுக்குமென்றால் அதை வீட்டில் யாராவது பின்னேரம் கொண்டுவரட்டும். நீங்கள் முதலில் வெளிக்கிடுங்கள்.