டெல் வாயே குடும்பத்து ராஞ்சோ: கேள்வி பதில்

மெக்சிகோ ஆட்சியில் கலிபோர்னியாவில் கொடுக்கப்பட்ட நில மானியங்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ராஞ்சோவை, அதாவது ஒரே பெரிய மாட்டுப் பண்ணை நிலத்தை, வைத்துப் பதில் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே, சான்டா கிளாரா ஆற்றோரம் இருந்த ராஞ்சோ சான் பிரான்சிஸ்கோ அது.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. இன்றைய வலென்சியா, நியூஹால் எல்லாம் இந்த ராஞ்சோவின் நிலம். பிள்ளைகளை மேஜிக் மவுண்டன் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனவர்கள் அந்த மண்ணில் நின்றிருக்கிறீர்கள்.

கேள்வி: யார் யாருக்குக் கொடுத்தது? எவ்வளவு நிலம்? எப்படி அளந்தார்கள்?

1839 ஜனவரியில் ஆளுநர் ஆல்வராடோ, அந்தோனியோ டெல் வாயே என்ற படை அதிகாரிக்குக் கொடுத்தார். பின்னாளைய கணக்கில் 48,612 ஏக்கர். அதற்கு முன் சான் பெர்னாண்டோ மிஷனின், அதாவது ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மதக் குடியிருப்பின், மாடுகள் மேய்ந்த இடம் அது. மிஷன் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது, அவற்றை நிர்வகிக்க வைத்ததும் இதே அந்தோனியோவைத்தான்.

அளவைதான் சுவாரசியம். அந்தக் காலத்து ராஞ்சோக்களை அளக்க ஐம்பது வாரா, அதாவது சுமார் 42 மீட்டர் நீளக் கயிறு. இரண்டு முனையிலும் கம்பு, கம்புக்கு ஒரு குதிரைக்காரர். ஒருவர் கம்பை ஊன்றி நிற்க, மற்றவர் கயிறு விறைக்கும்வரை ஓட்டிப்போய்த் தன் கம்பை ஊன்றுவார். பிறகு பின்னால் நிற்பவர் முன்னால் போவார். ஆறு, குன்று, பெரிய ஓக் மரம் இவைதான் எல்லைக்கல். கையால் வரைந்த ஒரு படத்தையும் மனுவோடு வைப்பார்கள். நிலம் தாராளமாகக் கிடந்தவரை இது போதுமானதாக இருந்தது.

கேள்வி: கலிபோர்னியாவில் தங்கம் முதலில் இங்கேதான் கிடைத்ததாமே?

ஆவணமாகப் பதிவான முதல் கண்டுபிடிப்பு இங்கேதான். 1842 மார்ச்சில், பிளசெரிட்டா பள்ளத்தாக்கில், அந்தோனியோவின் மனைவி ஹகோபா பெலிசுக்கு உறவினரான பிரான்சிஸ்கோ லோபஸ் காட்டு வெங்காயத்தைக் கத்தியால் தோண்டினார். வேரோடு தங்கத் துணுக்குகள் வந்தன என்பது சொல்லிவரும் கதை. பெரிய தங்க வேட்டையைத் தொடங்கிவைத்த தங்கம் வடக்கே சட்டர் ஆலையில் கிடைத்தது ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். அந்தோனியோ அதைப் பார்க்கவில்லை, 1841-லேயே இறந்துவிட்டார்.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் இந்தக் குடும்பத்தை ஏமாற்றித்தானே நிலத்தைப் பிடுங்கினார்கள்?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எனக்கு மனம் ஆறாத இடமும் இதுதான். போரில் வென்ற அமெரிக்காவுக்குக் கலிபோர்னியா கைமாறிய 1848 ஒப்பந்தம், மெக்சிகோக்காரர்களின் சொத்துரிமையை மதிப்பதாகச் சொன்னது. 1851-இல் வந்த அமெரிக்கச் சட்டமோ, நிலம் உன்னுடையதுதான் என்பதை நீயே நிரூபி என்றது. அதற்கு வக்கீல், மொழிபெயர்ப்பாளர், சர்வேயர் எல்லாம் வேண்டும். ராஞ்சோக்காரர்களிடம் இருந்தது மாடும் தோலும்தான். ரொக்கம் இல்லை. அன்றைக்குக் கலிபோர்னியாவில் கடன் என்றால் நூற்றுக்கு மாதம் மூணு வட்டி, அஞ்சு வட்டி.

நிலத்தை ஹகோபாவும் மூத்த தாரத்து மகன் இக்னாசியோவும் மற்ற பிள்ளைகளும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதன்பின் அடமானங்கள். 1862 தொடக்கத்தில் பெருவெள்ளம், அதைத் தொடர்ந்து 1864 வரை வறட்சி. மேய்ச்சல் கருகி மாடுகள் மடிந்தன. 1865 வாக்கில் பெரும்பகுதி எண்ணெய் தேடி வந்தவர்கள் கைக்குப் போய்விட்டது. 1875-இல் ஹென்றி நியூஹால் ஏக்கர் சுமார் 2 டாலருக்கு வாங்கினார். ஹகோபா பெயரில் அரசு பட்டா கொடுத்தது எந்த ஆண்டு தெரியுமா? அதே 1875. மனுப் போட்டது 1852-இல்! பட்டா வந்தபோது நிலம் கையில் இல்லை. இதற்குத் தனியாக ஒரு திருடன் தேவைப்படவில்லை, தாமதமே போதுமானதாக இருந்தது.

கேள்வி: டெத் வேலியில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றியது இந்த ராஞ்சோதானா?

ஆமாம். கலிபோர்னியாவுக்கு வரும் வழியில் டெத் வேலி பாலைவனத்தில் சிக்கிய குடும்பங்களை அங்கேயே விட்டுவிட்டு வில்லியம் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் இருவரும் சுமார் 400 கிலோமீட்டர் நடந்து 1850 தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தார்கள். உணவும் குதிரைகளும், ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்றும் கிடைத்தன. கிளம்பும்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, பசித்த பிள்ளைகளுக்கென்று நாலு ஆரஞ்சுப் பழம் கொடுத்ததாக மேன்லி எழுதியிருக்கிறார். பேச்சு புரியாத ஊரில் அந்த நாலு பழம்! இந்த வரலாற்றில் நான் மறுபடி மறுபடி திரும்பிப் போகும் இடம் அது.

கேள்வி: குடும்பத்திடம் கடைசியில் எதுவுமே மிஞ்சவில்லையா?

ராஞ்சோவின் ஒரு பகுதியான கமூலோஸ் மிஞ்சியது. இக்னாசியோ 1853-இல் அங்கே பச்சைச் செங்கல் வீடு கட்டி, 1861-இல் குடும்பத்தோடு குடிவந்தார். திராட்சை, ஆரஞ்சு எல்லாம் விளைந்தன. 1882 ஜனவரியில் எழுத்தாளர் ஹெலன் ஹன்ட் ஜாக்சன் ஓரிரு மணி நேரம் வந்து பார்த்துப் போனார். வீட்டம்மா இசபெல் அன்று ஊரில் இல்லை. 1884-இல் ஜாக்சனுடைய 'ரமோனா' நாவல் வந்ததும், கதாநாயகி வாழ்ந்த வீடு இதுதான் என்று கூட்டம் வர ஆரம்பித்தது. 1887-இல் வாசலருகே ரயிலும் வந்துவிட்டது. 1924-இல் ரூபெல் குடும்பத்துக்கு விற்றார்கள். இப்போது அது அருங்காட்சியகம், பிரு ஊருக்குப் பக்கத்தில் 126-ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. தெற்குத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்; சுவரில் கை வைத்தால் குளிர்ந்திருக்கும்.

கேள்வி: டெல் வாயேக்களுக்கு முன்னால் அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். ததாவியம் மக்கள். கமூலோஸ் என்பதே பழங்குடிகளின் ஊர்ப்பெயர். மிஷன்கள் கலைக்கப்பட்டபோது, சொத்தில் பாதி அங்கே உழைத்த பழங்குடிகளுக்கு என்று 1834 விதிகள் சொன்னன. பெரும்பாலோருக்கு அது வந்து சேரவில்லை. தங்கள் நிலமாக இருந்த ராஞ்சோக்களிலேயே கூலிக்கு மாடு மேய்த்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அந்தப் பக்கமே வாழ்கிறார்கள்.