திருப்பூர் அப்பாவுக்கு: பன்னாட்டு நிதி படிப்புக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம் ஐயா,

மகளுக்கு பி.காம். பன்னாட்டுக் கணக்கியல் மற்றும் நிதிப் படிப்பில் சீட் கிடைத்திருக்கிறது, முதல் தவணை கட்ட இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்று சொன்னீர்கள். "இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்து, வெளிநாட்டுக்குப் போனால்தான் வேலையா?" என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பன்னாட்டு நிதியைப் பார்க்க நீங்கள் லண்டன் போக வேண்டாம். நீங்கள் பேக்கிங் பார்க்கும் அதே ஏற்றுமதிக் கம்பெனியில் மாடி ஏறிப் போனால் போதும். பையர் ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர் கொடுக்கிறார். நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் உங்கள் முதலாளி பேங்க்கில் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன் தரும் ஏற்றுமதிக் கடன், எடுக்கிறார். சரக்கு கப்பல் ஏறி, பணம் வர 90 நாள் ஆகிறது. அதற்குள் டாலர் விலை 2 ரூபாய் இறங்கினால் அந்த ஒரே ஆர்டரில் 2 லட்ச ரூபாய் போய்விடும். அதற்குப் பயந்து இன்றே ஒரு விலையைப் பேசி ஃபார்வர்டு கான்ட்ராக்ட் போட்டுவிட்டார் என்று வையுங்கள். அப்புறம் டாலர் ஏறினாலும் அந்த லாபம் அவருக்கு இல்லை. போடலாமா, எவ்வளவுக்குப் போடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பையர் திவாலானால் என்ன செய்வது? அதற்கு இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறது. எல்.சி. என்பது, ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம். அதில் சொன்ன ஒரு தேதி பிசகினாலும் பேங்க் நம் பில்லைத் திருப்பி அனுப்பலாம். உங்கள் மகள் மூன்று வருடம் படிக்கப்போவதில் இதுவும் ஒரு பகுதி.

வேலையும் இங்கேயே இருக்கிறது. சென்னைத் தரமணியில் உலக வங்கியின் பெரிய அலுவலகம் இயங்குகிறது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, பி.என்.ஒய். போன்ற வங்கிகளின் உலகளாவிய சேவை மையங்களும் சென்னையில் உண்டு. குஜராத்தில் பன்னாட்டு நிதிச் சேவைகளுக்காக அமைத்த கிஃப்ட் சிட்டி வளர்ந்துவருகிறது. அங்குள்ள நிதி நிறுவனங்களுக்கென்றே 2020-இல் தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் கணக்குகளை ஒத்துப்பார்ப்பது, ஆவணம் சரிபார்ப்பது, எக்செல் என்றுதான் இருக்கும். நியூயார்க் நேரத்துக்கு வேலை செய்யும் குழுவில் போட்டால் நைட் ஷிஃப்ட்டும் வரும். இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

இனி, கல்லூரி விளம்பரத்தில் நீங்கள் பார்த்த 'ஏ.சி.சி.ஏ. இணைந்த படிப்பு' என்ற வரி. என்னிடம் வரும் பெற்றோர் ஏமாறுவது அதிகமும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏ.சி.சி.ஏ. பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு. இப்போதைய முறையில் அதில் 13 தாள்கள். அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு என்றால் அதிகபட்சம் 9 தாள்கள் வரை விலக்குக் கிடைக்கும், அதாவது அவற்றை எழுத வேண்டியதில்லை. அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சில இடங்களில் 'இணைந்த' என்றால் மாலையில் கோச்சிங் நடத்துவார்கள், அவ்வளவுதான். விலக்கு எதுவும் கிடையாது. எந்தெந்தத் தாளுக்கு விலக்கு, அதற்கு எத்தனை மார்க் வேண்டும், எந்த ஆண்டு சேர்பவர்கள்வரை செல்லும் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததை ஏ.சி.சி.ஏ. இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 2027-லிருந்து தேர்வு முறையை மாற்றப்போவதாக அவர்கள் அறிவித்திருப்பதால், மகள் எந்த முறையில் எழுதுவாள் என்பதையும் கேட்க மறக்காதீர்கள். பதிவு, ஆண்டுச் சந்தா, தேர்வு என எல்லாக் கட்டணமும் பவுண்டில். அது கல்லூரி ஃபீஸில் அடக்கமா, தனியா என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேர்வெல்லாம் முடித்தாலும் 36 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் உறுப்பினர் ஆக முடியும்.

"பேசாமல் சி.ஏ. சேர்த்துவிடு" என்று, இந்தியாவின் பட்டயக் கணக்காளர் படிப்பைப் பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதில் நியாயம் உண்டு. இந்தியாவில் ஒரு கம்பெனியின் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்திட சி.ஏ.வால்தான் முடியும். மகளுக்கு ஆடிட்டர் ஆகும் ஆசை இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இந்தப் பட்டம் அந்தக் கதவை மூடிவிடாது. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்திருந்தால் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த நிலையான சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம்.

பிளஸ் டூவில் அவள் பிசினஸ் மேத்ஸ் எடுத்திருப்பது நல்லது. கூட்டு வட்டியும் புள்ளியியலும் கை பழக வேண்டும். ஆங்கிலம் பேசத் தயங்குகிறாள் என்றீர்கள். அதைவிட எழுத்து ஆங்கிலம்தான் என் கவலை. இந்த வேலையில் பாதி, மின்னஞ்சலில் ஒரு பிரச்சினையைத் தெளிவாக விளக்குவதுதான். தினமும் ஒரு வணிக நாளிதழின் ஒரு பக்கத்தைப் படித்து, ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்.

ஃபீஸுக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்க யோசிப்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் அரசின் வித்யாலட்சுமி தளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். விலக்குப் பற்றிய அந்தக் கடிதத்தைக் கல்லூரி தர மறுத்தால், பக்கத்தில் ஒரு நல்ல கல்லூரியில் சாதாரண பி.காம். சேர்த்து, ஏ.சி.சி.ஏ.வைத் தனியாக எழுதவைக்கலாம். விலக்குகள் குறையலாம், காலம் கொஞ்சம் கூடலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

பணம் கட்டும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பவரிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை மகளை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு எல்.சி.யை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவரோடு சேர்ந்து படிக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் போன் பண்ணுங்கள்.